பிசையுதுன்னா மணிக்கட்டு

கறையம்மா வலியைப் பற்றிப் பேசினால் சொல் பிசகாது. தலை என்றால் தெறிக்கும். முழங்கால் கடுக்கும். காது குடையும், கண் உறுத்தும். வயிறு ஒரு நாள் பொருமும், இன்னொரு நாள் சுருட்டிப் பிடிக்கும். இரண்டும் வேறு வேறு என்பது முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவர் கணவருக்கு மனப்பாடம். சலவைக்கடையில் கறை பிரிப்பது அவர் வேலை, அந்தப் பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். துணியில் இருப்பது துருவா, எண்ணெயா, மையா என்று முதலில் சரியாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கறை இருக்கும், துணி போய்விடும்.

கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். அவரும் காதை நம்பிப் பிழைக்கிறவர்தான். ‘சாவி உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது’ என்றால் அது ஒரு கோளாறு. ‘திரும்புது, திறக்க மாட்டேங்குது’ என்றால் அது வேறு. வந்தவர் சொல்வதை முழுசாகக் கேட்ட பிறகுதான் பூட்டையே கையில் வாங்குவார். உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் வேலை பார்க்கிறார்கள் என்று ஐம்பத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தலை சீவிக்கொண்டிருந்த கறையம்மா சீப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏங்க, நெஞ்சைப் பிசையுது.”

இந்தச் சொல்லை அவர் இதுவரை சொன்னதே இல்லை. பூட்டுக்காரர் சட்டையை எடுத்து மாட்டினார். கடைச் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டு, “செருப்பைப் போடு, கிளம்பு” என்றார்.

“பொண்ணுக்குச் சொல்லாதீங்க. பயந்துக்குவா.”

“எதையும் சொல்லல. நீ கிளம்பும்மா.”

மருத்துவமனை வாசலில் ஆள் உயரக் காது ஒன்றை வரைந்து, ‘நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம்’ என்று எழுதியிருந்தார்கள். காதுக்கு நேர் கீழே வரிசை ஆரம்பித்தது. ஒன்றே கால் மணி நேரத்தில் அவர்கள் பதிவுக் கவுண்டரை அடைந்தார்கள். அங்கே தடித்த கண்ணாடி, அதில் பேசுவதற்கென்று ஒரு ஓட்டை. ஓட்டை இடுப்பு உயரத்தில் இருந்ததால், வந்தவர்கள் எல்லாரும் குனிந்து கும்பிடுகிற நிலையிலேயே தங்கள் குறையைச் சொன்னார்கள். நிர்வாகத்துக்கு அது பிடித்திருந்திருக்க வேண்டும்.

“என்னம்மா செய்யுது?” என்றார் பதிவு எழுத்தர்.

“நெஞ்சைப் பிசையுதுங்க.”

எழுத்தர் தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி தட்டினார். “லிஸ்ட்ல இல்லையே.”

“என்ன லிஸ்ட்டுங்க?” என்று கேட்டார் பூட்டுக்காரர்.

“ஏற்கப்பட்ட சொற்கள். மொத்தம் நாற்பத்திரண்டு. வலி இருக்கு, எரிச்சல் இருக்கு, அரிப்பு, வீக்கம், வாந்தி எல்லாம் இருக்கு. உங்க சொல்லு இல்ல.”

“அப்ப வலின்னு போட்டுக்குங்க.”

“நானா எப்படிப் போடறது? நோயாளி வாயிலேர்ந்து வர்ற மொத சொல்லைத்தான் போடணும்.”

கறையம்மா குனிந்தார். “சரிங்க, வலிக்குதுன்னே...”

“சொல்லாதீங்கம்மா! அது ரெண்டாவது சொல்லாயிடும். வாக்கு மாத்துற நோயாளின்னு சிவப்புல காட்டும்.”

அதற்குள் கணினி ‘டிங்’ என்றது. எழுத்தரின் முகம் மலர்ந்தது. “கிடைச்சிருச்சு! பிசைதல். தொழில் பட்டியல்ல இருக்கு பாருங்க. மாவு பிசைபவர், ரொட்டிக்கடை. மீதியை மெஷினே நிரப்பிடுச்சு. மணிக்கட்டுத் தேய்மானம். மணிக்கட்டுப் பிரிவு, அறை பதினேழு.”

“நான் சலவைக்கடைல வேலை பாக்கறேங்க.”

“அதை உள்ள யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சீட்டு செல்லாமப் போயிடும்.” உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். நல்ல மனிதர். தன் வேலையைத் தவிர எதிலும் தப்புச் செய்யாதவர்.

சொல்லைத் திருத்த வேண்டுமானால் இரண்டாம் மாடியில் சொல் திருத்தப் பிரிவு இருந்தது. ஆனால் டாக்டரைப் பார்த்த பிறகுதான் அங்கே போக முடியும். பார்க்காமலேயே தப்பு என்று எப்படிச் சொல்வீர்கள் என்று எழுத்தர் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது, அதுதான் கொடுமை.

பூட்டுக்காரர் மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ‘அவசரம்’ என்று எழுதிய சிவப்புக் கதவுக்குப் போனார். காவலாளி சீட்டை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“மணிக்கட்டு. மணிக்கட்டுக்கு அவசரம் கிடையாதுங்க ஐயா.”

“சீட்டைப் பாக்காதீங்க. ஆளைப் பாருங்க. முகமெல்லாம் எப்படி வெளுத்திருக்கு பாருங்க.”

“ஆளைப் பாக்கறதுக்கு எனக்குப் பயிற்சி கொடுக்கலீங்க. சீட்டுப் பாக்கறதுக்குத்தான் கொடுத்தாங்க.”

அடுத்த ஊர் மருத்துவமனைக்கு மூன்று மணி நேரப் பயணம். அங்கேயும் இதே மெஷின்தான் என்று காவலாளியே சொன்னார். கதவில் இருந்தது சாதாரணப் பூட்டு. அரை நிமிடத்தில் திறந்துவிடலாம். பூட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சட்டப்படி நடக்கிறவர்களுக்கே உரிய முட்டாள்தனத்தோடு, மனைவியை அறை பதினேழுக்கு நடத்திக்கொண்டு போனார்.

அங்கே வாசலில் நாற்காலிகள் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் கோத்திருந்தன. ஒருவர் இருமினால் வரிசை முழுக்க ஆடியது. இருமியவர் பக்கத்து நாற்காலிக்காரர்தான். பதினோரு வாரமாக வருகிறாராம். எல்லாரும் அவரைப் ‘பழைய ஃபைல்’ என்று கூப்பிட்டார்கள்.

“உங்களுக்கும் மணிக்கட்டா?” என்று கேட்டார் பூட்டுக்காரர்.

“இருமலுங்க. நாய் குரைக்கிற மாதிரி இருமல் வருதுன்னு தெரியாத்தனமாச் சொல்லிட்டேன். நாய்னு போட்டுட்டாங்க. நாய்க்கடிக்கு அஞ்சு ஊசி போட்டாச்சு.” மறுபடி இருமி முடித்துவிட்டுத் தொடர்ந்தார். “ஊசி போட்ட கை தூக்க முடியல. அதான் இங்க அனுப்பியிருக்காங்க. நானாவது பரவாயில்ல. கால் மரத்துப் போச்சுன்னு ஒரு அம்மா சொன்னாங்க. மரம்னு எடுத்துக்கிச்சு மெஷினு. தோட்டப் பிரிவு வாசல்ல மூணு நாளா உட்கார்ந்திருக்காங்க.”

கறையம்மா சிரித்துவிட்டார். சிரித்ததும் மூச்சு வாங்கியது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்கண்ணா, கை வேற இழுக்குது” என்றார்.

பத்தரை மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரை முகத்தைத் திருப்பவில்லை. காதின் பின்பக்கம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

“ஒரு நாளைக்கு எவ்வளவு மாவு பிசைவீங்க?”

“பிசையறதே இல்லைங்க டாக்டர். நெஞ்சைத்தான் பிசையுது.”

“நெஞ்சாலயா பிசையறீங்க?”

பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. “டாக்டர், தயவு பண்ணி ஒரு நிமிஷம் திரும்பி அவளைப் பாருங்க.”

“சார், ஒரு நோயாளிக்கு எனக்கு மூணு நிமிஷம். ரெண்டு நிமிஷம் டைப் அடிக்கறதுக்கு, ஒரு நிமிஷம் அடுத்தவங்களைக் கூப்பிடறதுக்கு. இதுல நான் எப்பங்க பாக்கறது?” டாக்டரின் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “நோயாளிங்க பேசிக்கிட்டேதான் இருப்பாங்க. அதைக் கேட்டுட்டு உட்கார்ந்தா வைத்தியம் எப்பப் பண்றது? சரிம்மா, கையில ஏதாவது தொந்தரவு இருக்கா?”

கறையம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. “இடது கை இழுக்குதுங்க. தோள்லேர்ந்து விரல் வரைக்கும்.”

“அப்படிச் சொல்லுங்க!” டாக்டர் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார். “மெஷின் தப்பா சொல்லாது. ரெண்டு வாரம் மாவுல கை வைக்கக் கூடாது. மணிக்கட்டுக்குப் பட்டை தருவாங்க, வெளிய உட்காருங்க. அடுத்தது யாரு?”

பட்டை வரும்வரை மனைவியைப் பழைய ஃபைல் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, பூட்டுக்காரர் இரண்டாம் மாடிக்கு ஓடினார். சொல் திருத்தப் பிரிவில் கூட்டமே இல்லை. இப்படி ஒரு பிரிவு இருப்பது தெரிந்து வருவதற்குள் பலருக்குத் திருத்த வேண்டிய அவசியம் போய்விடும் போலிருக்கிறது. அதிகாரியின் மேஜை பளபளவென்றிருந்தது. பின்னால் சுவரில் ஒரு கேடயம், ‘சிக்கனச் சொல் விருது’.

“உட்காருங்க சார். நிதானமாச் சொல்லுங்க” என்றார் அதிகாரி. ஆனால் அவரேதான் பேசினார். “முன்னெல்லாம் இங்க நானூறு சொல்லு இருந்துச்சு. குத்துது, குடையுது, கவ்வுது, சுருட்டுதுன்னு ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. டாக்டருங்களும் வேலை வெட்டி இல்லாம உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தாங்க. நான் வந்துதான் நாற்பத்திரண்டாக் குறைச்சேன். அந்த ஒரே வருஷத்துல வியாதி பத்துல ஒரு பங்காக் குறைஞ்சிடுச்சு சார்! சொல்லைக் குறைச்சாலே வியாதி குறையுது. இதை யாரும் யோசிச்சதே இல்ல.”

“செத்தவங்க எண்ணிக்கை?”

“அது வேற பிரிவு.”

“ஐயா, என் சம்சாரம் கீழ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. பிசையுதுங்கறது நெஞ்சுக்கான சொல்லுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. இதய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடறேன்.”

“தாராளமா. அந்தச் சொல்லு நெஞ்சு சம்பந்தப்பட்டதுன்னு இதய டாக்டர் ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.”

“இதய டாக்டரைப் பாக்கணும்னா அந்தச் சொல்லு வேணுமே.”

“ஆமா. அதுக்குத்தான் கையெழுத்து.” அதிகாரி பொறுமையை இழக்கவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். “எனக்கும் மனசு இருக்கு சார். போன மாசம் இந்தப் பிரிவுல என் உதவியாளரை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. அந்தக் காலி நாற்காலியைப் பாக்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிசையுது.”

பூட்டுக்காரர் எழுந்தே விட்டார். “இப்ப நீங்களே சொன்னீங்களே!”

“என்ன சொன்னேன்?”

“நெஞ்சைப் பிசையுதுன்னு.”

அதிகாரி ஒரு கணம் யோசித்தார். “அது பேச்சு சார். இது பதிவு.”

பூட்டுக்காரர் படியில் ஓடி இறங்கினார். கறையம்மா அதே நாற்காலியில்தான் இருந்தார். தலையைச் சுவரில் சாய்த்திருந்தார், நெற்றியில் வேர்வை வழிந்தது. பழைய ஃபைல் தன் மருத்துவக் காகிதங்களால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். பதினோரு வாரத்தில் அந்தக் காகிதங்களால் யாருக்காவது நன்மை நடந்தது அப்போதுதான்.

“ஏம்மா, எப்படி இருக்கு? பிசையுதா?”

“இப்ப பிசையலைங்க.”

“குறைஞ்சிருச்சா?”

கறையம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். கறை எது என்று பார்க்கத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாரே, அப்படி யோசித்தார்.

“இல்ல. இதுக்குச் சொல்லு தெரியலைங்க” என்றார்.

பூட்டுக்காரர் வரிசை முழுக்க ஆடும்படி கத்தினார். டாக்டர் அறைக் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து, கூப்பிட்டால் மட்டும் வரவும் என்று பதில் வந்தது. நடந்து போன ஒரு நர்ஸின் வழியை மறித்தார். அந்தப் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, “நெஞ்சு நோயாளியா இருந்தா ஓடியே வந்திருப்போம் சார். இவங்க மணிக்கட்டு” என்றார். அதில் உண்மையான வருத்தம் இருந்தது.

பதினொன்றரைக்குப் பட்டை வந்தது. கொண்டு வந்தது வேறொரு நர்ஸ், வயதானவர். கறையம்மாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, பட்டையைச் சுற்றுவதற்கு முன் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்தார். காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் கறையம்மாவைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். அவர் விரல்கள் ஒரு இடத்தில் தேடின, கொஞ்சம் தள்ளித் தேடின. பிறகு நிமிர்ந்து கறையம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“நாடி இல்லைங்களே” என்றார்.

அதன் பிறகு எல்லாம் சுறுசுறுப்பாக நடந்தது. கறையம்மாவை மூடி எடுத்துப் போனார்கள். இறந்தவர்களுக்கு அங்கே வரிசை கிடையாது. பூட்டுக்காரர் பதிவுக் கவுண்டரில் குனிந்து நின்று சான்றிதழ் வாங்கினார். ‘தொழில்: மாவு பிசைபவர். காரணம்: மணிக்கட்டு. சிகிச்சை: முழுமையாக அளிக்கப்பட்டது.’ மகளுக்குப் போன் செய்தார். “அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு?” என்று மகள் அலறியபோது, கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் இருந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எழுத்தருக்கு நெஞ்சு இளகியது. ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, “ஐயா, உங்களுக்கு என்ன செய்யுது?” என்று கேட்டார்.

பூட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இப்போது அந்த இடத்தின் பூட்டு புரிந்திருந்தது. நிதானமாகக் குனிந்தார்.

“வலி” என்றார். “நெஞ்சு.”

மணி அலறியது. சிவப்புக் கதவு தானாகத் திறந்தது. தள்ளுவண்டியோடு நான்கு பேர் ஓடி வந்தார்கள், சீட்டுப் பார்க்கும் காவலாளியே ஓடி வந்து தலையைத் தாங்கிப் பிடித்தார். இரண்டு நிமிடத்தில் சட்டையைக் கழற்றி, மார்பெல்லாம் வயர் ஒட்டியாயிற்று. இதய டாக்டர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேராக முகத்தைப் பார்த்தார்.

“பயப்படாதீங்க. எப்ப ஆரம்பிச்சுது? எப்படி இருக்கு? அவசரமில்ல, உங்க பாஷையிலேயே சொல்லுங்க.”

இப்படி ஒருவர் கேட்க வேண்டும் என்றுதானே காலையிலிருந்து இரண்டு மாடி ஏறி இறங்கினார். பூட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். “காலைல ஏழு மணிக்கு, தலை சீவும்போது. நெஞ்சைப் பிசையுது. இடது கை தோள்லேர்ந்து விரல் வரைக்கும் இழுக்குது. முகம் வெளுத்துப் போச்சு. நெத்தியெல்லாம் வேர்வை.”

டாக்டர் மெஷினைப் பார்த்தார், வயரைச் சரி செய்தார், மறுபடி பார்த்தார். “உங்களுக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே. யாருக்கு இதெல்லாம்?”

“என் சம்சாரத்துக்கு. அறை பதினேழு வாசல்ல.”

டாக்டர் துள்ளி எழுந்தார். “பிசையுதுன்னு சொன்னாங்களா? கையும் இழுத்துச்சா? அட என்னங்க நீங்க, சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியுமே அது நெஞ்சுன்னு! ஏழு மணிக்கு ஆரம்பிச்சிருக்கு, இப்ப மணி என்ன? இவ்வளவு லேட்டா வந்தா நாங்க என்னதான் செய்யறது?”

பூட்டுக்காரர் ஒவ்வொரு வயராகத் தானே பிய்த்துப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து மகள் ஊருக்குப் போன மறுநாள், அவர் கடையைத் திறக்கவில்லை. மருத்துவமனை வாசலில், அந்தப் பெரிய காதுக்குக் கீழே போய் நின்றுகொண்டார். வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, என்ன செய்கிறது என்று கேட்பார். முழுசாகக் கேட்பார். அடைக்குது, அழுத்துது, கவ்வுது, யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்குது என்று அவர்கள் சொல்வார்கள். “சரி, புரியுது. அதை உள்ள சொல்லாதீங்க. கவுண்டர்ல குனிஞ்சதும் வலின்னு சொல்லுங்க. மொத சொல்லே வலி. அப்புறம் இடத்தைச் சொல்லுங்க” என்பார். பழைய ஃபைலும் போய் அப்படிச் சொல்லி, நுரையீரல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் சிவப்புக் கதவு மூடவே நேரமில்லாமல் திறந்திருந்தது. நான்கு பேர் பிழைத்தார்கள் என்று வயதான நர்ஸ் வெளியே வந்து ரகசியமாகச் சொன்னார்.

எட்டாம் நாள் காலை, சொல் திருத்த அதிகாரி தானே இறங்கி வந்து கண்ணாடியில் ஒரு அறிவிப்பை ஒட்டினார். பூட்டுக்காரரைப் பார்த்துப் பழகியவர் போலத் தலையசைத்துவிட்டு மேலே போனார். பூட்டுக்காரர் கிட்டே போய்ப் படித்தார். ‘அண்மையில் “வலி” என்ற சொல் மிகையாகப் பயன்படுத்தப்படுவது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. பொதுமக்கள் நலன் கருதி அச்சொல் இன்று முதல் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. ஏற்கப்பட்ட சொற்கள்: நாற்பத்தொன்று.’

பின்னால் ஒரு பெண் வந்து நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு கையால் மார்பை அழுத்திப் பிடித்திருந்தார், உதடு வறண்டிருந்தது.

“அண்ணே, நீங்கதான் சொல்லு சொல்லித் தர்றீங்கன்னு சொன்னாங்க” என்றார். “நான் உள்ள போய் என்னன்னு சொல்லட்டும்?”

பூட்டுக்காரர் அறிவிப்பை இன்னொரு முறை படித்தார்.

“தெரியலம்மா” என்றார்.